பச்சை விளக்கு ஆபீஸ்

பெரம்பலூரில் அந்த ஆபீசின் போர்டில் எழுதியிருந்த பெயர் ‘இலக்கமுறைக் கம்பித்தடப் பராமரிப்பு உபகோட்டம்’. அதை மூச்சு விடாமல் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டொருவர்தான் இருந்தார்கள். அவர்களும் அங்கேயே சம்பளம் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு அது பச்சை விளக்கு ஆபீஸ்.

மாடியில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. பெரம்பலூர்க்காரர்கள் அரியலூரோடு பேசும் பேச்செல்லாம் அந்த அலமாரிக்குள் போய் எண்களாகப் பொடிபட்டு, கம்பி வழியே ஓடி, அரியலூரில் இதே போன்ற இன்னொரு அலமாரியில் மறுபடி பேச்சாக ஒட்டவைக்கப்படும் என்று சொன்னார்கள். அங்கிருந்து இங்கே வர வேண்டியது ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். வரவில்லையென்றால் சிவப்பு எரிந்து மணியும் அடிக்கும்.

எண்பத்தேழில் திறப்பு விழா நடந்தது. முதல் அழைப்பைப் பேச ஒரு பெரிய மனிதர் வந்தார். அவர் பேசும்போது ஏதும் தப்பாகிவிடக் கூடாதே என்று உபகோட்டத்தார் முன்யோசனையாக அலமாரியில் ஒரு லூப் வயரைச் செருகி வைத்தார்கள். அதாவது, அலமாரி அனுப்புவது வெளியே எங்கும் போகாமல் அந்த வயர் வழியாகவே திரும்பி அதே அலமாரிக்குள் வந்துவிடும். பெரிய மனிதர் அரை மணி நேரம் பேசினார். அலமாரி எதையும் உடனே கொடுத்துவிடாது, வாங்கியதைக் கொஞ்சம் வைத்திருந்துதான் விடும். ஆகவே அவர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்தினால் அந்த வாக்கியம் அவர் காதுக்குத் திரும்பி வந்தது. “அரியலூரில் பேசுகிறவர் நல்ல விஷயஞானம் உள்ளவர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வயரைக் கழற்ற யாருக்கும் லேசில் மனம் வரவில்லை.

லூப் வயரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கோளாறு கண்டுபிடிக்கும் நல்ல கருவி. முதலில் அதை நம் அலமாரியிலேயே செருகிப் பார்க்க வேண்டும். பச்சை எரிந்தால் அலமாரி நன்றாக இருக்கிறது. பிறகு வயரைக் கழற்றி அடுத்த பெட்டியில் செருக வேண்டும், அதற்குப் பிறகு அதற்கும் அப்பால் உள்ள பெட்டியில். இப்படித் தள்ளித் தள்ளிப் போனால் எந்த இடத்தில் பச்சை போய்ச் சிவப்பு வருகிறதோ அங்கே கோளாறு உட்கார்ந்திருக்கும். உபகோட்டத்தார் முதல் பெட்டியோடு நின்றுவிட்டார்கள். அங்கேயே பச்சை எரியும்போது மழையிலும் வெயிலிலும் அப்பால் போவானேன்? மேலும், சிவப்பே எரியாத உபகோட்டத்துக்குத் திருச்சியிலிருந்து வருஷா வருஷம் ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயம் பெரம்பலூருக்கு வந்தது. அதைப் பார்த்து அரியலூர் உபகோட்டமும் தன் அலமாரியில் ஒரு லூப் வயரைச் செருகிக்கொண்டது. அன்று முதல் இரண்டு ஊரும் தம்மோடு தாமே பேசிக்கொண்டு சுகமாக இருந்தன. இடையில் சில நாள் இரண்டு பக்கத்திலும் இரக்கப்பட்டு வயரைக் கழற்றி, கம்பியும் நன்றாக இருந்தால், ஜனங்களும் பேசினார்கள்.

இந்த ஆபீசுக்குத்தான் எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு மிக்கேல் வந்தார்.

மிக்கேல் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்ப்பவர். வரதராசன்பேட்டைப் பக்கத்து ஆள். பெண்டாட்டி இல்லை. ஒரே மகள் அமுதா, ஒன்பது வயது, அரியலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் தங்கிப் படித்தாள். அன்று காலை அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் செல்லக்கண்ணு கடைக்கே வந்து சேதி சொன்னார்.

“உங்க பொண்ணுக்குக் கால்ல ஆணி குத்தி வீங்கிப்போயி, காய்ச்சலாம். பாதர் ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம். பயப்படாதீங்க, சாயங்காலம் டாக்டர் வந்து பென்சிலின் ஊசி போடறாராம். சிஸ்டரு சொல்லச் சொன்னாங்க.”

பயப்படாதீங்க என்று அவர் சொன்ன இடத்தில்தான் மிக்கேலுக்கு உயிர் போனது. அமுதாவுக்கு இரண்டு வயதில் அந்த ஊசியைச் சோதனைக்காகத் துளி ஏற்றியதற்கே முகம் வீங்கி, மூச்சு அடைத்து, நீலம் பாரித்துவிட்டாள். பிழைத்தது மாதா புண்ணியம். இனி ஆயுசுக்கும் அந்த ஊசி பக்கம் போகக் கூடாது என்று அன்றைய டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்க நியாயமில்லை. அதை அறிந்த இன்னொருத்தி மண்ணுக்குள் போய்விட்டாள்.

“இப்பவே பஸ் இருக்குங்களா?” என்றார்.

“பஸ் எங்க? நாங்க தாண்டினப்பறம் மருதையாறு ரோட்டு மேல ஏறிடுச்சு. எல்லா வண்டியும் நிறுத்தியாச்சு. போன் பண்ணிச் சொல்லிடுங்க, ஒரு வார்த்தைதானே.”

ஒரு வார்த்தைதான். கீழ்த்தளத்தில் வெளியூர் அழைப்பு பதிகிற ஜன்னலில் சாந்தா என்கிற அம்மாள் இருந்தார். மிக்கேல் சொன்னதைக் கேட்டுப் பாவப்பட்டார்.

“அரியலூருதான் ஒரு வாரமா சரியில்லைங்க. யாருக்குப் போட்டுக் குடுத்தாலும் அவங்களே பேசி அவங்களே கேட்டுக்கறாங்க. மாடிக்குப் போயி எஞ்சினியர் சார்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னதா சொல்லாதீங்க.”

மாடியில் உபகோட்டப் பொறியாளர் சிந்தாமணி சந்தன மாலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து மேலதிகாரி அன்று மூன்று மணிக்கு வருவதாக இருந்தது, இந்த வருஷக் கேடயத்துக்கான பார்வையிடல். திருச்சி ரோட்டில் வெள்ளம் இல்லை. பக்கத்தில் டெக்னீஷியன் குழந்தைவேல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அரியலூருக்கு லைன் இல்லைன்றாங்க. என் பொண்ணுக்கு...”

“பொண்ணு இருக்கட்டும். அந்த விளக்கு என்ன நிறம்?”

“பச்சைங்க.”

“பச்சை எரியறப்ப லைன் இல்லைன்னு சொன்னா நீங்க விளக்கை நம்பலைன்னு அர்த்தம். அந்த விளக்கு வெளிநாட்டு விளக்கு. நான் சொல்றது தப்பா இருக்கலாம், நீங்க சொல்றது தப்பா இருக்கலாம், அது சொல்றது தப்பா இருக்காது.” சிந்தாமணி ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. மாலையை ஓரமாக வைத்துவிட்டு, “வாங்க, உங்களுக்கே காட்டிடறேன். குழந்தைவேலு, இவருக்கு ஒரு தடம் போட்டுக் குடு” என்றார்.

குழந்தைவேல் அலமாரியின் பக்கவாட்டில் இருந்த போனை எடுத்துக் கொடுத்தார். மிக்கேல் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“அலோ, ஆஸ்பத்திரிங்களா?”

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு குரல், “அலோ, ஆஸ்பத்திரிங்களா?” என்றது.

“இல்லைங்க, நான் மிக்கேல் பேசறேன்.”

“இல்லைங்க, நான் மிக்கேல் பேசறேன்.”

“நீங்களும் மிக்கேலுங்களா?” என்று கேட்டார். அந்த மனிதரும் அதையே கேட்டார்.

யாராக இருந்தாலும் கிறிஸ்தவர்தான், சொன்னால் போய்ச் சொல்வார் என்று மிக்கேல் அவசரமாகச் சொன்னார்: “ஐயா, அமுதான்னு ஒரு பிள்ளை, கால்ல ஆணி குத்துனது. அதுக்குப் பென்சிலின் போடாதீங்க. போட்டா செத்துப்போயிடும்ங்க. உங்க காலப் புடிச்சுக் கேட்டுக்கறேன்.”

குரல் அதைத் திரும்பச் சொன்னது. அதில் நடுக்கம் இருந்தது. பாவம், யாரோ ஒரு தகப்பன், நம்மைப் போலவே ஒரு பிள்ளைக்காகக் கெஞ்சுகிறான் என்று அரை நிமிஷம் அவனுக்காக வருத்தப்பட்டார். அந்தத் தகப்பன் தான்தான் என்று விளங்கியபோது போனைக் குழந்தைவேலிடமே திருப்பிக் கொடுத்தார்.

“எப்படி? தெளிவா இருந்துச்சா?” என்று சிந்தாமணி ஆவலாகக் கேட்டார்.

“தெளிவாத்தாங்க இருந்துச்சு. ஆனா எனக்குத்தானே கேட்டுச்சு. அவங்களுக்குப் போகலைங்களே.”

“இங்க பாருங்க பெரியவரே. நாம பேசறது நமக்கு நல்லா கேக்குதாங்கறது பெரம்பலூர் உபகோட்டத்தோட பொறுப்பு. அதை நாங்க நூத்துக்கு நூறு செஞ்சுட்டோம். அவங்களுக்குக் கேக்குதாங்கறது அரியலூர் உபகோட்டம்.”

சந்தேகம் வேண்டாம் என்று அரியலூரையும் கேட்டுவிடச் சொன்னார். மேஜையில் கறுப்பாக ஒரு ஊழியர் போன் இருந்தது. அதற்குத் தனிக் கம்பி, பழைய காலத்துக் கம்பி. குழந்தைவேல் அதைச் சுற்றினார். அரியலூரில் ஆண்டவர் என்கிற டெக்னீஷியன் எடுத்தார். அவர் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது.

“அண்ணே, உங்க பக்கம் என்ன?”

“பச்சை. உங்க பக்கம்?”

“பச்சை.”

“அப்ப நடுவுலதான் ஏதோ.”

“நடுவுல யாருண்ணே இருக்கா?”

“நடுவுல யாரும் இல்ல. ஆத்தங்கரைக் குழியில நம்ம பெட்டி ஒண்ணு இருக்கு, அது தண்ணிக்குள்ள கெடக்கும். அதுக்கு நடு உபகோட்டம்னு ஒண்ணு வரப்போவுதாம். வந்தா அவங்க பாத்துப்பாங்க.”

மிக்கேல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “சார், இப்பப் பேசறவரு எங்கேருந்து பேசறாரு?”

“அரியலூர்லேருந்து.”

“அய்யா சாமி, அப்ப அவருகிட்டயே சொல்லிடுங்களேன். ஒரு எட்டு போயி ஆஸ்பத்திரியில சொல்லிட்டு வரட்டும்.”

சிந்தாமணி எழுந்து வந்து போனை வாங்கிக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு பாடத்தைப் பல தடவை நடத்தியவரின் பொறுமை இருந்தது.

“இது கோளாறு பத்திப் பேசற போன். பொதுஜன சேதி பேசக் கூடாது. இன்னிக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து பேசும். அப்பறம் அந்த அலமாரி எதுக்கு, அந்த விளக்கு எதுக்கு, நான்தான் எதுக்கு?”

“அப்ப கோளாறுன்னே சொல்லுங்க சார்.”

“பச்சை எரியுது. எப்படிக் கோளாறுன்னு சொல்றது? நான் பொய் சொல்லமாட்டேன்.”

மிக்கேல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நடந்தே போய்விடலாமா என்று ஒரு மனம் சொன்னது. ஆற்றில் எவனும் இறங்க முடியாது, இந்த மேஜையில் ஒரு போன் வேலை செய்கிறது, கையைக் காலைப் பிடித்தாவது இங்கே ஒரு வார்த்தை அனுப்பிவிடலாம் என்று இன்னொரு மனம் சொன்னது. அந்த இரண்டாவது மனத்தால்தான் அவர் கெட்டார். மத்தியானம் தாண்டியும் அங்கேயே கிடந்தார்.

மூன்று மணிக்குக் கீழே ஜீப் சத்தம் கேட்டது. சிந்தாமணி மாலையோடு இறங்கினார். குழந்தைவேலின் வீட்டிலும் பெண் குழந்தை உண்டு. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கறுப்பு போனை எடுத்து, விஷயத்தைக் கிசுகிசுவென்று ஆண்டவரிடம் சொன்னார்.

“சரிப்பா, போயிச் சொல்லிடலாம்” என்றார் ஆண்டவர். “வேலை நேரத்துல வெளிய போவணும்னா கோளாறு எண் வேணும். எண்ணைச் சொல்லு.”

“சிவப்பு எரிஞ்சாத்தானே எண்ணு?”

“அப்ப எரிய விடு.”

குழந்தைவேல் கண்ணை மூடிக்கொண்டு லூப் வயரை உருவினார். பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது. மணி அடிக்க ஆரம்பித்தது. திறந்த நாளிலிருந்து அடிக்காத மணி என்பதால் அது என்ன சத்தமென்று யாருக்கும் தெரியவில்லை. கீழே தீ விபத்து என்று நினைத்து ஜன்னலில் நின்றவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். சிந்தாமணி படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்து, குழந்தைவேலின் கையிலிருந்து வயரைப் பிடுங்கிச் செருகினார். மணி நின்றது. பச்சை எரிந்தது. அப்போதுதான் மேலதிகாரி கழுத்தில் மாலையோடு உள்ளே நுழைந்தார்.

“என்ன சத்தம்?”

“கோளாறு ஒண்ணு வந்துச்சு சார். சரிபண்ணிட்டோம்.”

“எவ்வளவு நேரத்துல?”

“நீங்க படி ஏறுற நேரத்துல சார்.”

மேலதிகாரி நெகிழ்ந்துபோனார். “இதைத்தான் நான் எல்லா இடத்துலயும் சொல்றேன். கோளாறைத் தேடிக்கிட்டு ஆத்தங்கரை, குழின்னு அலையறவன் பழைய காலத்து ஆளு. நவீன ஆளு விளக்கைப் பாக்கணும். விளக்கை நல்லா வச்சுக்கிட்டா லைன் தன்னால நல்லா இருக்கும். இத்தனை சீக்கிரமா சரியான கோளாறைக் கோளாறுன்னே எடுத்துக்க வேண்டியதில்ல. அது நடக்கலைன்னு வச்சுக்கங்க.”

நடக்காத கோளாறுக்கு எண் கிடையாது. குழந்தைவேல் கறுப்பு போனை எடுத்து, “அண்ணே, எண் இல்லை” என்றார். “அப்ப நான் எப்படிப்பா போறது?” என்று ஆண்டவர் வைத்துவிட்டார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அந்த ஆபீஸ்களில் வருத்தத்துக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மிக்கேல் ஓடிவந்து மேலதிகாரியின் காலில் விழுந்தார். வாய் குழறியது. பென்சிலின், பொண்ணு, சாயங்காலம் என்று மாறி மாறி வந்தது. மேலதிகாரி அவரைத் தோளைத் தொட்டுத் தூக்கினார்.

“யாரு இவரு?”

“காலையில வந்து லைனைச் சோதிச்சுப் பாத்த பொதுஜனம் சார். தெளிவா கேட்டுச்சுன்னு அவரே சொன்னாரு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேங்க, ஆனா...”

“பாருங்க, கண்ணுல தண்ணி. நான் முப்பது வருஷ சர்வீஸ்ல பொதுஜனம் எங்க லைனைப் பாத்து அழுது இப்பத்தான் பாக்கறேன்.” அவருக்கும் கண் கலங்கியது. உபகோட்டத்தார் தனக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வையை எடுத்து மிக்கேலுக்குப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தைவேலும் தட்டினார், சிந்தாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால்.

பார்வையிடல் எல்லாம் முடிந்து மிக்கேல் சால்வையோடு தெருவுக்கு வந்தபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் வந்துவிட்டது. இந்நேரம் ஊசி போட்டிருப்பார்கள் என்று நினைத்ததும் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டு அழுதார். காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய் நின்றிருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்குமே, ஒரு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைக் கொன்றுவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டார். பிறகு ரோட்டில் நடந்தார். ஆற்றங்கரையில் சுண்ணாம்புக்கல் ஏற்றப்போகிற காலி லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அதில் ஒரு டிரைவர் அவரை ஏற்றிக்கொண்டார். கிழக்கு வெளுக்கும்போது தண்ணீர் வடிந்து லாரி இறங்கி ஏறியது.

பாதர் ஆஸ்பத்திரி வாசலுக்கு மிக்கேல் வந்து சேர்ந்தார். உள்ளே போனால் என்ன சொல்வார்களோ என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்பா” என்று ஒரு குரல் கேட்டது. ஜன்னலோரக் கட்டிலில் அமுதா காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை. மூச்சு சீராக இருந்தது. சிஸ்டர் வந்தார்.

“ஊசி போடலைங்களா சிஸ்டர்?”

“எங்க போடறது? பென்சிலின் தீந்து நாலு நாளாச்சு. நேத்து சாயங்காலம் வந்துடும்னு நம்பித்தான் உங்களுக்குச் சொல்லியனுப்பினோம், வரல. வேற மாத்திரை குடுத்தோம், புண்ணியத்துல இவளுக்குக் கேட்டுக்கிச்சு.”

மிக்கேல் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னார். இருந்த சந்தோஷத்துக்கு உபகோட்டத்தாரைக்கூட மன்னித்திருப்பார். சிஸ்டரிடம் அந்த ஊசி இவளுக்கு ஆகாது என்று முதல் வேலையாகச் சொன்னார். சிஸ்டர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“நல்லவேளை. இன்னிக்கு வந்துடும், வந்ததும் அடுத்த கட்டில்காரருக்கும் இவளுக்கும்தான் முதல் ஊசின்னு வச்சிருந்தோம். உங்க பெரம்பலூர் மருந்து ஏஜென்டுகிட்டேருந்துதான் வரணும். தீந்த அன்னிக்கே எங்க கிளார்க் போன்ல சொல்லிட்டாரு. அவசரம், ஒரு பெட்டி பென்சிலின் உடனே அனுப்பி வைக்கவும்னு. அந்தப் பக்கத்து ஆளு அட்சரம் பிசகாம அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினாராம். இல்லைன்னா ரயில்ல திருச்சிக்கு ஆள் அனுப்பி வாங்கியிருப்போமே.”

மிக்கேல் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆள் யார் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கட்டிலில் ஒரு இளைஞன் கண்ணை மூடிக் கிடந்தான். சுண்ணாம்புக்கல் குழியில் பாறை விழுந்து தொடை கிழிந்தவன். கட்டு முழுக்க நீர் கசிந்து நாற்றமெடுத்தது. அவன் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தலைமாட்டில் அவன் பெண்டாட்டி இருசம்மாள் விசிறியோடு நின்றிருந்தாள். நான்கு நாளாக அவள் உட்காரவில்லை போலிருந்தது.

அவள் மிக்கேலையும் அவர் தோளில் இருந்த ஈரச் சால்வையையும் கையில் இருந்த மஞ்சள் பையையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து புருஷன் காதில், “ஏங்க, கண்ணத் தொறங்க. வந்துட்டாங்க” என்றாள். பிறகு மிக்கேலிடம் வந்தாள்.

“பெரம்பலூர்லேருந்துங்களா வர்றீங்க? மருந்து கொண்டாந்துட்டீங்களா?”